யோகமக்கா காணாத பூ

மதிய இடைவேளையில் யோகமக்காவின் மகள் மது எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மாமா, அம்மா போயிட்டா. வேலையை முடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ" என்றாள். குரல் அப்படியே தாயுடையது. யோகமக்காவும் நானும் சுவிஸின் பீல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் இருந்து மணிக்கூட்டுப் பாகங்களை மினுக்கியவர்கள். அன்று பின்னேரம் முழுவதும் அவருடைய மேசைப் பக்கம் நான் திரும்பவில்லை.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அக்காவின் தோட்டம் தெரியும். கறிமிளகாயும் பூசணியும் பை நிறைய வாங்கிப் போனவர்கள்தானே! வேலியோரம் நின்ற பியோனிப் பூஞ்செடியை மட்டும் ஒருவரும் கவனித்திருக்க மாட்டீர்கள். வருடாவருடம் வெறும் இலைதான். சந்தையில் ஒரு சுவிஸ் மூதாட்டியிடம் வாங்கிய கிழங்கு அது. என்ன நிறத்தில் பூக்கும் என்று அக்கா கேட்டு வைக்கவுமில்லை.

அது பூக்காததற்குக் காரணமே அக்காதான். குளிர் தொடங்கினால், மிளகாய்க்கன்றுக்கு மண் அணைப்பதுபோல அதன் அடியில் குவித்துவிடுவார். பக்கத்துத் தோட்டக்காரர், முளைக்கு மேலே இரண்டு விரல் மண் போதும், குளிர் பட்டால்தான் மொட்டு வரும் என்று கையால் காட்டியும் சொன்னார். "ஓம், ஓம்" என்று தலையாட்டிய அக்கா, அவர் போனதும் இன்னொரு மண்வெட்டி போட்டார்.

"இது இணுவில் தோட்டம் இல்லையக்கா" என்று பகிடி பண்ணினேன்.

"நீர் உம்மடை வேலையைப் பாரும்."

ஊர்ப்பழக்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள், முதல் ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்க, பஸ்ஸுக்கு நின்றபோது அவராகவே சொன்னார். சுவிசுக்கு வரும்போது எல்லையைக் காட்டுவழியாகக் கடக்கையில், கூடவந்த தம்பி குகன் பனியில் விழுந்துவிட்டான். கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் நிற்க விடவில்லை; அவனை அப்படியே விட்டுவிட்டு நடக்க வேண்டியிருந்தது. "அவன்ரை முகத்துக்கு மேலை ஒரு துணிகூடப் போடேல்லை. குளிருக்குள்ளை ஒண்டையும் வெறுமனே விட என்னாலை ஏலாது." பஸ் வந்தது, ஏறினோம். அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

போன கிழமை அக்காவின் வாடகைத் தோட்டத்தைத் திருப்பி ஒப்படைக்க வேண்டியிருந்தது. "இதை உங்கடை தோட்டத்துக்குக் கொண்டுபோங்கோ மாமா. ஒருக்காலாவது பூத்துப் பாக்கோணும்" என்றாள் மது. தண்டுகளை வெட்டி, சுற்றிவர அகலமாகக் கிண்டித் தூக்கினோம். மரவள்ளிபோலத் தடித்த வேர்கள், உச்சியில் சிவந்த முளைகள். என் தோட்டத்தில் சரியான ஆழத்தில்தான் வைத்தேன். ஆனாலும் கை தன்பாட்டில் இன்னும் மண்ணை அள்ளியது. மது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா பயந்ததே காணும், மாமா. நீங்களும் பயப்பிட வேண்டாம்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கிழங்கும் அவருடைய பயமும்தான். நேற்று முதல் உறைபனி. வேலைக்குப் போகுமுன் போய்ப் பார்த்தேன். நட்ட இடம் வெள்ளையாகக் கிடந்தது. மது கேட்ட பூ வரட்டும் என்று, மண்வெட்டியைத் தொடாமல் புறப்பட்டேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும், குளிருக்குள் ஒரு ஆளைக் கிடத்திவிட்டு நான் மட்டும் போகிறேன் என்றே இருந்தது.