சுவரைத் தின்ற என் தங்கை

அரியும் அரனும் ஓருருவாய் நின்றருளும் சங்கரன்கோவிலில், அவ்வுருவைக் காணத் தவமிருந்த கோமதித்தாயின் மலரடி என் சொல்லுக்குத் துணை. அத்தவம் பலித்த ஆடி உத்திராட நன்னாளாகிய இன்று, என் தங்கை கோமுவைப் பற்றி எழுதுகிறேன்.

மழை விழுந்ததும் எங்கள் வீட்டு மண்சுவர்களிலிருந்து கிளம்பும் வாடை எனக்குக் குளிர்ச்சியாகவும், கோமுவுக்குப் பசியாகவும் இருந்தது. கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இட்டு, நுனிவிரலால் துளி நாவிலும் வைப்பது எங்கள் ஊர் வழக்கம். இரண்டாம் வகுப்பில் படித்த கோமுவோ, நீட்டிய கையை மடக்காமல் மேலும் கேட்டு வாங்கி, அவலைப் போல மென்றாள். பதிகம் பாடாமல் பச்சைத் தண்ணீரும் அருந்தாத எங்கள் அப்பா அதைக் கண்டு உருகி, "தாயே பிள்ளையா வந்திருக்கா" என்று காண்போரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அவள் முகத்தின் வெளுப்பை அருட்களை என்றும், தெருமுனை வரை நடப்பதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவதைப் பூஞ்சை உடம்பு என்றும் வீட்டில் எண்ணினோம். தெருப்பிள்ளைகள் மட்டுமே, "ஏட்டி, மண்ணுதின்னி!" என்று உள்ளதைக் கூவினார்கள்.

பள்ளியில் எஸ்தர் டீச்சர் எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து உணவைப் பற்றியும் பாடம் நடத்துவார். முருங்கைக்கீரையையும் கம்பையும் எள்ளையும் மேசைமேல் பரப்பி, இரத்தம் எதிலிருந்து ஊறுகிறது என்று விளக்குவார். ஒருநாள் எங்கள் கண்ணிமைகளைத் தாழ்த்தி உட்புறச் சிவப்பைக் காட்டிக்கொண்டு வந்தவர், கோமுவிடம் நின்றுவிட்டார். அவள் இமைக்குள் சிவப்பே இல்லை. வாயோரத்தில், சிலேட்டில் எழுதும் 'பல்பம்' தின்ற வெள்ளைத் தடம் வேறு. மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பிள்ளைக்கு ரத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு அண்ணாச்சி. மண்ணு திங்க ஆசை வாரதே அதனாலதான். வயித்துல பூச்சியும் இருக்கும். இப்படியே விட்டா தாங்க மாட்டா."

அப்பாவின் முகம் மாறியது. "அம்பாள் பிரசாதத்தையா குத்தம் சொல்லுதிய?"

"நான் ஏன் சொல்லுதேன்? பிரசாதத்தை நெத்தியில இடுங்க. அடுப்படிச் சுவத்தையும் சுரண்டித் திங்குதேன்னு எங்கிட்டயே சொன்னா. அதுவுமா பிரசாதம்?"

அம்மா விறுவிறுவென்று அடுப்படிக்குள் போய், அரிசிப் பானையை நகர்த்திப் பார்த்து, அங்கிருந்தே கத்தினாள்: "அடப் பாவி மவளே! எலியில்லா தோண்டுதுன்னு பொறி வச்சிக்கிட்டுக் கெடந்தேன்!"

டீச்சர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய், பானைக்குப் பின்னால் சிறு விரல்கள் குடைந்த பள்ளத்தில் கைவைத்துப் பார்த்தவர், திரும்பி வந்து, "தாய் தன் பிள்ளையைப் பசியோட வச்சிருக்க மாட்டா. என்ன செய்யணும், சொல்லுங்க டீச்சர்" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பூச்சி மருந்தும் மாத்திரையும் வந்தன. முருங்கைக்கீரையை அப்பாவே உருவிக் கொடுத்தார், பதிகத்தை நடுவில் நிறுத்தி, "கோமு தின்னாளா?" என்று கேட்டுவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடர்வார். சில மாதங்களில் அவள் முகத்தில் இரத்தம் ஓடியது. மண்ணாசை தானே அகன்றது.

இன்று எஸ்தர் டீச்சர் இல்லை. மண்சுவர்கள் போய்விட்டன, பல்பம் வைத்து எழுதும் பிள்ளையை நான் கண்டு நாளாயிற்று. பூச்சி மாத்திரையைப் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். கரிவலம்வந்தநல்லூரில் வாழ்க்கைப்பட்ட கோமு, ஆடித்தபசுத் திருவிழா காண வந்தவள், ரதவீதிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே நடந்து, "என்னண்ணே, ஆமையா ஊருதிய? வெரசா வாங்க!" என்று என்னைப் பரிகசித்தாள்.

இதைப் படிக்கும் அன்பர்தம் இல்லங்களில் பிள்ளைகள் வயிறார உண்டு, குருதி செழித்து, ஓடி விளையாடுக. கோமதித்தாய் உடனிருந்து காத்தருள்க.