குண்டூசி பொறுக்கும் காந்தம்

தையல்காரம்மாவுக்குக் கைக்கடிகாரப் பைத்தியம் பிடித்தது நாற்பத்தெட்டாவது வயதில். பழைய சாமான் கடைகளில் செத்துக் கிடக்கும் கடிகாரங்களை வாங்கி வந்து பிரிப்பாள், துடைப்பாள், இரண்டைச் சேர்த்து ஒன்றாக்குவாள். அது ஓடும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

கருவிகளின் விலைதான் கையைக் கடித்தது. பெரிய கடையில் ஒரு திருப்புளியின் விலையைக் கேட்டுவிட்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள்போல் நழுவிவிட்டாள். சந்தையில் வாங்கிய மலிவுப் பெட்டியோ முதல் திருகாணியிலேயே பல்லிளித்தது. விடுவாளா? முனைகளைக் கத்தி தீட்டும் கல்லில் தேய்த்து வழிக்குக் கொண்டுவந்தாள். எண்ணெய் வைப்பதற்கு, தையல் ஊசியின் காதைப் பாதி அராவித் தக்கையில் குத்திக்கொண்டாள். பின்மூடி திறக்க ரப்பர் பந்து, கழற்றிய உறுப்புகளுக்குப் பொத்தான் டப்பா. வீட்டில் பட்டன் கேட்டால் பல்சக்கரம்தான் வருகிறது என்று லாரி ஓட்டும் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கணவரின் அக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸ், போன வருடம் தன் கணவரைப் பறிகொடுத்தவர். அவர் விட்டுப்போன கடிகாரம் நின்றுவிட்டது. முகம் தெரியாத கடைக்காரனிடம் கொடுக்க மனசில்லாமல் இவளிடம் கொண்டுவந்தார். கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று தையல்காரம்மா பயந்தாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். நின்றது வெறும் அழுக்கால்தான். துடைத்து எண்ணெய் வைத்ததும் ஓடியது.

நாலாம் நாள் நாத்தனார் திரும்பி வந்தார். தினமும் சரியாக வைத்தாலும் மறுநாளைக்குள் கடிகாரம் அரைமணி நேரம் முந்திவிடுகிறதாம், ஆஸ்பத்திரிக்கு முன்னாடியே போய் நிற்கிறாராம். அவர் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இவளை வதைத்தது. மலிவுக் கருவிகளை நம்பினால் இப்படித்தான் ஆகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, இருக்கிற சேமிப்பை எல்லாம் போட்டாவது நல்ல கருவிகளை வாங்கிவிடுவது என்று தீர்மானித்தாள்.

கிளம்புவதற்கு முன் ஒருமுறை கடிகாரத்தைத் திறந்து பார்த்தாள். இடுக்கியை நீட்டியதும் ஒரு சின்னத் திருகாணி தானாகவே தாவி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. அவள் பார்வை தையல் மெஷின் மேலிருந்த வட்டக் காந்தத்துக்குப் போனது. தரையில் சிந்தும் குண்டூசிகளைப் பொறுக்க வைத்திருப்பது. தொலையாமலிருக்க இடுக்கியையும் திருப்புளிகளையும் தினமும் அதன்மேல்தான் வைத்து வந்தாள். அவை பட்டுப் பட்டு, கடிகாரத்துக்குள் இருக்கும் முடியளவு மெல்லிய சுருள்கம்பிக்குள்ளும் காந்தம் ஏறிவிட்டது. அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரத்தை ஓட ஓட விரட்டின. கருவிமேல் ஒரு குற்றமும் இல்லை. பெரிய கடையில் இடுக்கி வாங்கியிருந்தாலும் அதையும் அவள் அங்கேதான் வைத்திருப்பாள்.

பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் ஏறிய காந்தத்தைப் போக்கும் மின்சாரக் கம்பிச்சுருள் ஒன்று இருந்தது. கடிகாரத்தையும் கருவிகளையும் ஒவ்வொன்றாக அதற்குள் நுழைத்து, மெல்ல வெளியே இழுத்துக் கொடுத்தார். காசு வேண்டாம், சட்டைக்கு ஒரு பட்டன் தைத்துக் கொடுத்தால் போதும் என்றார். நாலு நாள் வைத்துப் பார்த்தாள். முள் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

நாத்தனாரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். "தப்பு என் மேலதான் அண்ணி. கருவியெல்லாம் காந்தத்து மேல வெச்சுக் கெடுத்துட்டேன். இப்ப சரியா ஓடுது."

நாத்தனார் கடிகாரத்தைக் காதோடு வைத்துக்கொண்டார். முகம் வாடிப்போனது.

"எங்க போனாலும் அரைமணி முன்னாடியே வாசல்ல நின்னு கத்துற மனுஷன். அந்த நாலு நாளும் அவர்தான் என்னை விரட்டுறார்னு நெனச்சுட்டேன்."

சரிசெய்ததே பாவமாகிவிட்டதோ என்று தையல்காரம்மா நினைத்தாள். பிறகு கேட்டாள்: "முள்ளை அரைமணி முன்னாடி தள்ளி வெச்சுத் தரட்டுமா அண்ணி?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் போதும். அரைமணி நேரத்தை அவர் இருந்தப்பவே என்னால தாங்க முடியல."

தையல்காரம்மா முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி, அண்ணியின் கையில் தானே கட்டிவிட்டாள்.