எடைக்கு எடை நெல்லும் ஒரு வயிற்றுத் தையலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பின்பாதியில், ஓர் ஆடி மாதக் காலை. வடித்த சோற்றுப் பானையைத் தூக்குவதற்காகக் குனிந்தேன். தொப்புளுக்கு மேலே சுரீரென்று வலித்தது. பானையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

நான்காவது பிள்ளை பிறந்தது முதலே அவ்விடத்தில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வீக்கம் இருந்து வந்தது. படுத்தால் உள்ளே போகும். எழுந்தால் வெளியே வரும். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் முந்தானைக்குள் கை வைத்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்றோ அது மாங்காய் அளவில் புடைத்து நின்றது. படுத்தும் வெகுநேரம் உள்ளே போகவில்லை. என் கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. இவனை யார் வளர்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு அப்போது வயது நாற்பது. உடம்பு நூறு கிலோவைத் தாண்டியிருந்தது. உத்திரமேரூருக்குத் தெற்கே எங்களுக்கு நிலமும், அறுவடைக் காலத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் பொங்கிப் போடும் வீடும் இருந்தன. எல்லாரும் உண்ட பிறகு மீந்ததை வீணாக்க மனம் வராமல் நானே உண்பேன். அதை நான் சிக்கனம் என்று எண்ணியிருந்தேன்.

அன்று மாலை எங்கள் ஊர்ப் பெருமாள் சன்னதியில் நின்று அழுதேன். “என் வயிற்றைச் சீக்கிரம் சரிசெய்து கொடு. குணமானதும் என் எடைக்கு எடை எங்கள் நிலத்து நெல்லை உன் சன்னதியில் அளந்து கொட்டுகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். அதன் பிறகே என் கணவரிடம் வீக்கத்தைக் காட்டினேன். அவர் மறுநாளே காஞ்சிபுரத்துக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே தனியாக மருத்துவம் செய்துவந்த ஓர் இளம் டாக்டர் பார்த்தார். வயிற்றுச் சதையில் ஓட்டை விழுந்து, அதன் வழியே குடல் பிதுங்குகிறது என்று விளக்கினார். ஹெர்னியா என்று பெயர் சொன்னார். குடல் அந்த ஓட்டையில் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும், மறுநாளே சேர்ந்துகொண்டால் தைத்துவிடலாம் என்றும் கூறினார். என் கணவருக்குப் பெரிய ஆறுதல். எனக்கும் சீக்கிரமாகக் குணமாக வேண்டும் என்பதுதானே வேண்டுதல்.

ஆனால் மாகறலில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் தனத்தின் நினைவு வந்தது. அவளுக்கும் இதே நோய். எங்கோ ஓரிடத்தில் அவசரமாகத் தைத்துக்கொண்டாள், பிரிந்தது. மறுபடியும் தைத்தார்கள், மறுபடியும் பிரிந்தது. டாக்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனத்துக்குள் பெருமாளை அழைத்தேன். பிறகு, எங்கள் பக்கத்துப் பெண்கள் எவரும் ஒரு டாக்டரிடம் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டேன்.

“டாக்டரய்யா, என்னை மாதிரி பெருத்த உடம்புக்காரங்க எத்தினி பேருக்கு நீங்க தைச்சிருக்கீங்க?”

என் கணவர் முழங்கையால் இடித்தார். “இந்தா, டாக்டருகிட்ட இன்னா கேள்வி கேக்கற. மன்னிச்சுக்கோங்க சார், பயத்துல ஏதோ பேசுது.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. “நியாயமான கேள்விதாங்க” என்றார். “ஹெர்னியா நிறையப் பண்ணியிருக்கேன். ஆனா இவ்ளோ பெரிய ஓட்டை, இந்த எடையில, ரெண்டே ரெண்டு. எனக்குக் கத்தி பிடிக்கக் கத்துக்கொடுத்தவர் மெட்ராஸ்ல இருக்கார். நீங்க அவர்கிட்டப் போறதுதான் நல்லது.”

அந்த நல்ல மனிதரை நான் இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். தம்மிடம் வந்த நோயாளியைத் தாமே இன்னொருவரிடம் அனுப்பினார். அந்தக் கேள்வியை என் வாயில் வைத்தவனும், அந்தப் பதிலை அவர் வாயில் வைத்தவனும் பெருமாளே என்பது அடியேனின் துணிபு.

சென்னையில் அந்தப் பெரியவரைக் காணக் காத்திருந்தபோது, என்னிலும் பருத்த ஓர் அம்மாள் அருகில் வந்து அமர்ந்தார். அவருக்கும் இந்தப் பெரிய டாக்டரே தைத்தாராம். வருடந்தோறும் வருவது போலக் காட்டிவிட்டுப் போக வந்திருந்தார்.

“தையல் நின்னுதாம்மா?” என்று கேட்டேன்.

“அது நின்னுச்சு. தைக்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம் என்னைப் பட்டினி போட்டாரும்மா அந்தப் பாவி மனுசன். இப்ப குடம் குடமாத் தண்ணி தூக்கறேன். அதனால திட்டவும் முடியல” என்று கூறி வயிறு குலுங்கச் சிரித்தார். கை வைத்துப் பிடித்துக்கொள்ளாமல் அவர் சிரித்ததை நான் கவனித்தேன்.

பெரிய டாக்டர் நரைத்த தலையும் குறைந்த பேச்சும் உடையவர். இருமச் சொன்னார், அழுத்திப் பார்த்தார், எடை மேடையில் ஏறச் சொன்னார். முள் நூற்று நான்கில் நின்றது.

“இப்ப தைக்க மாட்டேன்” என்றார். “இருபது கிலோ குறைச்சிட்டு வாங்க.”

“சின்ன வேலைதான்னு சொல்றாங்களே சார்” என்றார் என் கணவர்.

“உங்க வீட்டம்மாவுக்கு இது பெரிய வேலை. இந்த எடையில நான் தைச்சதே பிரிஞ்சு போயிருக்கு. ஒரு தடவை இல்ல, பல தடவை. அதுல கத்துக்கிட்டுதான் சொல்றேன்.”

அதுவரை எந்த மருத்துவரும் தம் தோல்வியை நோயாளியிடம் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தையிலேயே இவர்தான் என்று முடிவு செய்தேன். ஆயினும் அச்சம் தீரவில்லை. “அதுக்குள்ள சிக்கிக்கினா இன்னா சாமி பண்றது?” என்று கேட்டேன். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையணையைக் காலுக்கடியில் கொடுத்து, மெல்ல மூச்சை விடும் முறையைக் காட்டினார். அப்படியும் உள்ளே போகவில்லையென்றால் எந்நேரமானாலும் வந்துவிட வேண்டும், அப்போது எடை பார்க்கமாட்டேன் என்றார். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடச் சொன்னார், விடாவிட்டால் ரணம் ஆறாதாம். மூச்சுப் பலப்பட நாள்தோறும் பலூன் ஊதச் சொன்னார்.

ஊர் திரும்பும் பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். சீக்கிரம் குணமாக்கு என்று கேட்டதற்குப் பெருமாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்து வந்தது, வேண்டுதல் செய்துகொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கே வரக்கூடிய ஒரு சங்கடம். செய்தி அறிந்து வந்த தனம், என் வேண்டுதலைக் கேட்டுவிட்டு வாய் தவறி ஒன்று சொன்னாள்.

“இன்னா அண்ணி, சாமிகிட்ட எடைக்கு எடை நெல்லுன்னு சொல்லிட்டு இப்ப எடையக் கொறைக்கறியே. பெருமாளுக்கே அளவு கொறைக்கறியா நீ?”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். என் நெஞ்சில் அது முள்ளாகத் தைத்தது. வாக்குக் கொடுத்தபோது இருந்த எடை ஒன்று. நெல் கொட்டும்போது இருக்கப்போகும் எடை வேறு. தெய்வத்தை ஏமாற்றியவள் ஆவேனோ என்று நடுங்கினேன். டாக்டர் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் பழையபடியே உண்ணத் தொடங்கினேன். சில வாரங்கள் இப்படியே சென்றன. வீக்கம் வளர்ந்தது. உண்டாலும் பயம், உண்ணாவிட்டாலும் பயம்.

ஒருநாள் என் கணவர் அதட்டிக் கேட்கவே, காரணத்தைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இதுக்கா இம்மாம் பேஜாரு? இப்ப இருக்கற எடைக்கே நெல்லக் குடுத்துட்டு வா. அப்பறம் நீ எளைச்சா அவருக்கு இன்னா?”

“கொணமான பின்னாடிதானே குடுக்கணும்? முன்னாடியே குடுத்துட்டு, கொணமாவலைன்னா?”

“ஆவலைன்னா நெல்லத் திருப்பிக் கேக்கப் போறியா?”

திருப்பிக் கேட்க மாட்டேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, வேர்க்கடலை மண்டியிலிருந்து பெரிய தராசைக் கொண்டுவந்து கோயில் மண்டபத்துக் கல் உத்தரத்தில் கட்டினார்கள். ஒரு தட்டில் நான் உட்கார்ந்தேன். மறு தட்டில் நெல்லைக் கொட்டினார்கள். ஒரு மூட்டை தீர்ந்தும் என் தட்டு தரையை விட்டு எழவில்லை. இரண்டாவது மூட்டையை அவிழ்த்தபோது கூட்டத்தில் எவரோ, “அளந்து போடு நைனா, வெதைக்கு மிச்சம் வை” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கத்தால் கண்ணை மூடிக்கொண்டேன். தட்டு மெல்ல அசைந்து மேலே எழுந்தது. இனி அவனிடம் கொடுக்க வேண்டிய பாக்கி எனக்கில்லை என்று ஒரு நிம்மதி பிறந்தது.

அன்று முதல் உடம்பை இளைக்கச் செய்தேன். காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும்; பகலில் ஒரு கரண்டிச் சோறும் கீரையும்; இரவில் கஞ்சி. புகையிலையை விட்ட முதல் மாதம் வீட்டில் ஒருவரும் என் பக்கம் வரவில்லை. ஏரிக்கரையில் காலையும் மாலையும் நடந்தேன். மீந்த சோறு மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. “அண்ணி எளைக்க எளைக்க மாடு கொழுக்குது” என்றாள் தனம். பிள்ளைகளின் பலூனை நான் ஊதுவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் வாசலில் கூடினார்கள். உடுத்திய ரவிக்கைகள் தொளதொளத்தன.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்து சாலையை மூடியது. பேருந்து நின்றுபோயிற்று. அப்படிப்பட்ட ஒரு காலையில் பெரிதாக ஒரு தும்மல் வந்தது. வீக்கம் வெளியே வந்து கல்லாக இறுகிவிட்டது. வலி முதுகு வரை பாய்ந்தது. குமட்டியது. சிக்கிக்கொண்டது என்று அறிந்தேன். என் கணவர் வண்டி கட்ட ஓடினார். தண்ணீர் மாட்டின் வயிறு வரை ஓடுகிறது என்று திரும்பி வந்தார். வெள்ளம் இறங்கும் வரை போக வழியில்லை.

தனம் அப்போது எனக்குத் துணையாக எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். டாக்டர் காட்டியபடி என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கித் தலையணை கொடுத்தாள். நான் பெருமாளை அழைக்க வாய் திறந்தேன். இதைக் கொடு, அதைத் தருகிறேன் என்று வேண்டியே எனக்குப் பழக்கம். தருவதாகச் சொல்ல இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. நெல்லை முன்னமே கொடுத்தாயிற்று. “நீயே பார்த்துக்கொள்” என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. வேறு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. பலூன் ஊதிப் பழகிய மூச்சை மெல்ல மெல்ல வெளியே விட்டேன். உடம்பு தளர்ந்தது. எவ்வளவு நேரம் என்று அறியேன். வயிற்றுக்குள் களகளவென்று ஓர் ஓசை.

“போச்சு அண்ணி” என்றாள் தனம். “உள்ள போச்சு அண்ணி.” சொல்லிவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கணவர் ஈரத் துணியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளம் வடிந்ததும் சென்னைக்குச் சென்றோம். டாக்டர் நடந்ததைக் கேட்டார், எடை பார்த்தார். இன்னும் மூன்று கிலோ மீதி இருந்தது. “பழைய எடையில இருந்திருந்தா அது உள்ள போயிருக்காதும்மா” என்றார். கொழுப்புக் குறைந்து வயிறு நெகிழ்ந்திருந்ததே காத்தது என்று விளக்கினார். தை மாதம் நாள் குறித்தார். அதற்குள் மீதி மூன்றும் குறைந்தது.

மயக்க மருந்து கொடுக்குமுன் அவர் என் அருகில் வந்து, “உங்க வேலையை நல்லா செஞ்சிட்டீங்க. இனிமே என் வேலை. தூங்குங்க” என்றார். தூங்கினேன். கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, உயிர் இருந்தது. தையல் பிரிக்கும் நாளில் இருமச் சொன்னார். பழக்கத்தால் கை வயிற்றுக்குப் போயிற்று. அவர் என் கையை எடுத்து விலக்கினார். இருமினேன். ஒன்றும் வெளியே வரவில்லை. அடுத்த ஆண்டு தனமும் அவரிடமே சென்றாள். அதற்கு முன்பாக அவளும் கூழ் குடித்தாள்.

அதன்பின் எத்தனையோ அறுவடைகள் கண்டுவிட்டேன். தையல் நிற்கிறது. உடம்பும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. சீக்கிரம் என்று நான் கேட்டதைப் பெருமாள் தரவில்லை. தந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன் என்றே எண்ணுகிறேன்.

ஆகையால் அன்பர்களே, நோய் வந்தால் மறைக்காதீர்கள். தெய்வத்திடம் முறையிடுங்கள், எழுந்து போய் மருத்துவரிடமும் கூசாமல் கேளுங்கள். பொறுத்திரு என்று பதில் வந்தால் அதையும் அவன் அருளாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, முந்தானைக்குள் கை வைத்துக்கொண்டு சிரிக்கும் சகோதரிகள் எவரேனும் இதைப் படித்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு என் தழும்பைக் காட்டுகிறேன். தொட்டுப் பார்த்து நம்பலாம்.