சிவப்பு பல்பும் வன்னியபெருமாளின் வலது கையும்

வன்னியபெருமாள் மாஸ்டரின் வலது கையைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐடி பார்க்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற பரோட்டாக் கடையில் பில் போடுகிறவள் நான். பெயர் செல்லபாய், ஊர் பாறசாலை. அந்தக் கைக்கும் என் மேஜைக்கும் நடுவில் எட்டடி தூரம்தான். போனில் அரை நிமிஷம் பார்த்துவிட்டு அந்த ஆளைப் பற்றி எனக்கே பாடம் எடுக்க வருகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அது அடிக்கிற கைதான். மறைக்க என்ன இருக்கிறது? சங்கரன்கோவில் பக்கத்து ஆள். திருநெல்வேலியில் வேலை பார்த்தபோது ஒரு சப்ளையரின் முன்பல் இரண்டை உதிர்த்திருக்கிறார். நாகர்கோவிலில் முதலாளியின் மூக்கையே உடைத்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறியிருக்கிறார். வெளியில் உள்ளவர்களுக்கு எப்போதாவது ஒன்றுதான். வீட்டில் பார்வதியம்மாளுக்கு அது தினப்படி. பதினோரு வருஷம் அப்படிப் போனது. கடைசியாக ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று விறகுக் கட்டையை எடுத்திருக்கிறார். தலையில் விழ வேண்டியதை அந்த அம்மாள் இடது கையால் தடுத்ததில் எலும்பு இரண்டாக முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு அந்த அம்மாள் சங்கரன்கோவிலில் உள்ள தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே இருந்துகொண்டு விசைத்தறிக் கூடத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த மனுஷனுக்குப் புத்தி வந்தது. சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய் நடு வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அந்த அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு வருஷம் எவர் மேலும் கை வைக்கக் கூடாது. அப்படி இருந்தால் வந்து குடும்பம் நடத்துவார். ஒருத்தர் மேல் பட்டால்கூட அத்தோடு எல்லாம் முடிந்தது.

இதெல்லாம் மாஸ்டரே என்னிடம் சொன்னது. எங்கள் கடைக்கு வந்த முதல் நாளே தமிழ்த் தினசரிக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினார். காலையில் வந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஒரு நாள் போச்சுக்கா" என்பார். கோபம் வராத நாள் கிடையாது. வரும்போதெல்லாம் மாவைத்தான் பிடித்துச் சாத்துவார். பரோட்டாக் கல்லில் அவர் மாவை வீசி அறைகிற அறையில் என் மேஜையில் இருக்கிற சில்லறை துள்ளும். நல்லவேளை இந்த ஆளுக்கு இந்தத் தொழில் வாய்த்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இருநூறு தாளுக்கு மேல் கிழிந்தாயிற்று. அந்த நேரத்தில்தான் ஜிஜி வந்து சேர்ந்தார்.

எங்கள் முதலாளி நேசையன் எனக்கு ஊர்க்காரர், சாதுவான மனுஷன். அவருடைய மருமகன்தான் இந்த ஜிஜி. எதிரே உள்ள பார்க்கில் பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் கடையை வளர்க்கிறேன் என்று வந்தார். பசிக்குச் சாப்பிட ஆயிரம் கடை உண்டு, கஸ்டமரை உள்ளே இழுத்துப் போட வேண்டும், அதுதான் எங்கேஜ்மென்ட் என்று எங்களையெல்லாம் வரிசையாக உட்கார வைத்து வகுப்பெடுத்தார். பரோட்டாக் கல்லுக்கு மேலே ஒரு கேமரா வைத்தார். மேஜைக்கு மேஜை ஒரு சதுர க்யூஆர் கோடு ஒட்டினார். அதைப் போனில் காட்டினால் மாஸ்டர் மாவடிப்பது நேரலையில் தெரியும். ஆபீஸில் இருந்தபடி ஆர்டர் போடுகிறவர்களும் பார்க்கலாம். படத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு பட்டன். யாராவது அதை அமுக்கினால் மாஸ்டரின் தலைக்கு மேல் சிவப்பு பல்பு எரியும். எரிந்தால் அவர் மாவை ஓங்கி அறைந்து, தன் ஊர்த் தமிழில் நாலு வசவு விட வேண்டும்.

நான் சிரித்தேன். யார் இதற்கெல்லாம் வருவான் என்று கேட்டேன். ஒரே மாதத்தில் என் வாயை அடைத்துவிட்டார்கள். ஆறு மேஜைக் கடை மாடியையும் பிடித்தது. நாலு பேருக்குப் புதிதாக வேலை கிடைத்தது. வாசலில் ஆட்டோ ஸ்டாண்டே உண்டானது, பக்கத்து டீக்கடைக்காரன் ஒரு பாய்லரோடு இன்னொன்று வாங்கினான். வித்துராவிலிருந்து கோழி கொண்டுவருகிறவர் பெரிய வண்டி எடுத்தார். இதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வந்த கூட்டம் சாப்பிட வந்த கூட்டமில்லை. நாலு பரோட்டா வாங்கி ஒன்றைப் பிய்த்துவிட்டு, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டிருப்பார்கள். எச்சில் வாளியில் முழுப் பரோட்டாவாக விழும். அதைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

வசவு கொஞ்ச நாளில் சலித்துப்போனது. அடி வேண்டும் என்றார் ஜிஜி. சப்ளையர் அஜீஷை மாஸ்டர் ஓர் அறை விடுகிற மாதிரி வீடியோ போட்டால் ரீச் பத்து மடங்காகும் என்றார். மாஸ்டர் முடியாது என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நடிப்புக்குக்கூட ஒருத்தர் மேல் கை படக் கூடாது என்றார். வழி கண்டுபிடித்தது அஜீஷ்தான். மாஸ்டர் வலது கையை அவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் வீச வேண்டும். அதே நேரம் இடது கையால் மாவைக் கல்லில் அறைய வேண்டும். சடாரென்று சத்தம் வரும், அஜீஷ் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு விழுவான். கை படவே படாது.

அந்த வீடியோ தீப்பிடித்த மாதிரி போனது. பார்த்தவன் எல்லாம் அடி நிஜம் என்றே நம்பினான். ரோட்டில் இன்னும் இரண்டு கடைகள் இதே வித்தையை இறக்கின. ஒருத்தன் பூரிக்கட்டையால் ஆளை அடிப்பான், ஒருத்தன் முட்டையை ஆள் நெற்றியில் உடைப்பான். யாருடைய அடி பெரிது என்ற சண்டையில் அந்த இரண்டு கடை மாஸ்டர்களும் ஒரு சாயங்காலம் நடு ஹைவேயில் கட்டிப் புரண்டார்கள். ஒருத்தனுக்குக் காது கிழிந்து தொங்கியது. மறுநாள் இரண்டு கடையிலும் உட்கார இடமில்லை.

எங்கள் மாஸ்டருக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது. அந்த அம்மாள் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? சங்கரன்கோவிலில் போன் இல்லாதவர் யார்? "கை படலைன்னு அவளுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று காலண்டரைப் பார்த்தபடி கேட்டார். இன்னும் ஐம்பது தாள்கூட இல்லை.

என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். ஜிஜியைத் தனியாகக் கூப்பிட்டு, பார்வதியம்மாள் கதை முழுவதையும் சொன்னேன். ஒரு குடும்பம் சேர்வது இதில் இருக்கிறது, அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள், பல்பைக் கழற்றுங்கள் என்று கெஞ்சினேன். அவர் உன்னிப்பாகக் கேட்டார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன், மடச்சி. "ஆன்ட்டி, இது முன்னாடியே பறஞ்சிருக்கக் கூடாதா? ஆளுக்குப் பின்னால ஒரு கத வேணும்னு நான் தேடிட்டு இருக்கேன்" என்றார். அன்று மத்தியானமே வீடியோவுக்கு மேலே பெரிய எழுத்தில் வந்துவிட்டது: பெண்டாட்டியின் கையை ஒடித்த கை, இப்போது உங்கள் பரோட்டாவில்.

மாஸ்டர் அதைப் படித்தார். நான்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியும். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையன்கள் வந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஐந்து பேர். மாஸ்டரை நிஜமாகவே அடிக்க வைத்து வீடியோ எடுப்பதாகப் பந்தயம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. வந்ததிலிருந்து பட்டனை விடவில்லை. பல்பு அணையவே இல்லை. மாஸ்டர் மாவை அறைந்து அறைந்து தோள் தளர்ந்து நின்றபோது, அவர்களில் உயரமானவன் எழுந்து நேரே கல்லுக்குப் பக்கத்தில் போனான். போனைப் பிடித்தபடி நாலு பேரும் பின்னால்.

"எந்தா சேட்டா, பெண்டாட்டியை மாத்ரமே தல்லுமோ?" என்றான். பெண்டாட்டியை மட்டும்தான் அடிப்பாயோ என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டே மாஸ்டரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

கடை அப்படியே நின்றது. மாஸ்டரின் வலது கையில் கொத்துப் பரோட்டா கொத்துகிற இரும்புத் தகடு இருந்தது. அது அவர் காதுக்கு மேலே எழும்பியது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவன் கழுத்து அரிவாள்மணையில் வைத்த மாதிரி அங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. போன்கள் நிற்கின்றன, பல்பு எரிகிறது. ஊரெல்லாம் உட்கார்ந்து அமுக்குகிறார்கள். இன்னொரு அறை விட்டான் அவன்.

மாஸ்டர் தகட்டைக் கீழே போட்டார். போட்ட கை அவர் பேச்சைக் கேட்கவில்லை, மறுபடி அவனை நோக்கியே போனது. அதைத் திருப்பிக் கொதிக்கிற கல்லின் மேல், உள்ளங்கையை விரித்து, அழுத்தி வைத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். நாற்றத்தையும் எழுத மாட்டேன். அவர் கத்தவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். அஜீஷ் பாய்ந்து இடுப்பைப் பிடித்து இழுத்தபோது பாதித் தோல் கல்லோடு தங்கியது.

பிறகு நடந்ததில் யார் யாரை அடித்தார்கள் என்று போலீஸாலேயே சொல்ல முடியவில்லை. பொய் அடி வாங்கியே பேர் எடுத்த அஜீஷ் சோடா பாட்டிலால் அந்த உயரமானவன் மண்டையைப் பிளந்தான். நாற்காலிகள் பறந்தன. சாது நேசையன் ஒருத்தன் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஜிஜி மாடிப்படியில் நின்று போனைப் பார்த்து, இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் படியேறிப் போய் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், கை நிறைய வைத்தேன். அதை மட்டும் ஒருத்தரும் வீடியோ எடுக்கவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. ஆனால் கல்லைப் பார்க்க வாசலில் கூட்டம் நின்றது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வார்டில் மாஸ்டருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தென்காசி பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் அம்மாள், கையில் மஞ்சள் பையோடு கட்டிலைத் தேடிக்கொண்டு வந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் வளைந்திருந்தது. பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். அஜீஷை அடித்த வீடியோ பொய், கை படவில்லை, வேண்டுமானால் இந்த அக்காவைக் கேள் என்று குழறினார். நானும் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"அது மாவுச் சத்தம்னு எனக்குத் தெரியும்" என்றார். "அண்ணன் மவன் போன்ல காட்டுன அன்னைக்கே தெரியும். ஒங்க அடிச் சத்தம் எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் கேட்டிருக்கேன்லா."

மாஸ்டர் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சேர்ந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இவ்வளவு பெரிய தீக்காயத்தைப் பார்த்த பிறகு எந்தப் பெண்தான் இளகமாட்டாள்? கட்டுப் போட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முன்னும் பின்னும் பார்த்தார் பார்வதியம்மாள்.

"இந்தக் கையால இப்ப யாரையும் அடிக்க முடியாது. அதுல என்ன இருக்கு?" என்றார். "ஆறட்டும். ஆறுன அன்னையிலருந்து ஒரு வருஷம். நான் எங்கயும் போயிர மாட்டேன், அண்ணன் வீட்லதான் இருப்பேன்."

பையிலிருந்து இரண்டு ஆரஞ்சை எடுத்து உரித்துக் கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்த வளைந்த கை ஞாபகம் வந்தது, கோபம் போன இடம் தெரியவில்லை.

நர்ஸ் வந்தபோது மாஸ்டர், கட்டு எப்போது அவிழ்ப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றரை மாசம் ஆகும் என்றாள் அவள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அதுவரைக்கும் காலண்டர்ல தாளு கிழிக்காண்டாம்க்கா" என்றார்.