பொட்டு வைத்த ஐந்து கிளாஸ்

1. முதல் நாள்

கொடிகாமம் சந்தையடியில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் நான் பத்து வருடம் தேத்தண்ணி போட்டேன். சேர்ந்தது 1985இல், விட்டது 1995இல். கடை இப்போது இல்லை. முதலாளியும் இல்லை. அதனால் இனி எழுதலாம்.

முதல் நாள் காலையில் பொயிலரில் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றேன். தேயிலைச் சாயம் எவ்வளவு விட வேண்டும், பால் எவ்வளவு விட வேண்டும் என்று முதலாளி சொல்லித் தருவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கிளாஸ் தட்டில் இருந்து ஒரு கிளாஸை எடுத்து, கவிழ்த்து, அடியைக் காட்டினார். கதவுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றில், நெருப்புக்குச்சியால் தொட்டு வைத்த மாதிரி ஒரு பொட்டு இருந்தது.

"துரை, உப்பிடிப் பொட்டு வைச்சது அஞ்சு கிடக்கு. அது வேறை, மற்றது வேறை. நான் 'முன்னுக்கு ஒரு தேத்தண்ணி' எண்டு சொன்னால் சும்மா கிளாஸ். 'பின்னுக்கு ஒரு தேத்தண்ணி' எண்டால் பொட்டுக் கிளாஸ். ஆள் எங்கை இருக்கிறான் எண்டு பாக்காதை. நான் சொல்லுறதைக் கேள். கழுவுறதும் வேறை வாளியிலை."

எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இது விளங்க இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. முந்தின காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தைத் தேத்தண்ணிக் கடைக்குள் விடவே மாட்டார்கள். வெளியில் நிற்க வைத்துத் தகரப் பேணியில் ஊற்றினார்கள். அதற்காக அந்தச் சனம் அடிபட்டு, சிறைக்குப் போய், உள்ளே வந்து வாங்கில் இருக்கும் உரிமையை எடுத்தது. எங்கள் காலத்தில் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியளும் இந்த விஷயத்தில் கண்டிப்பு. தனிப் பேணி வைத்தால் கடையைப் பூட்டுவார்கள். அதுதான் எங்கள் முதலாளியின் மூளை இப்படி வேலை செய்தது. ஒரே வாங்கு, ஒரே சாயம், ஒரே மாதிரிக் கிளாஸ், அடியில் மட்டும் ஒரு பொட்டு.

"பாத்தியே, ஒருத்தற்றை மனமும் நோகாது" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் அன்றைக்கே அவரின் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே நியாயம் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊரில் அடுப்பு எரியாத எல்லாரும் தலையாட்டவில்லை.

2. இலைக்காரன்

அந்த வேலையை எனக்குச் சொல்லிவிட்டதே மாணிக்கம்தான். "தேத்தண்ணி போட ஆள் தேடுகினம், ஓடிப் போய்க் கேள்" என்று வீட்டுப் படலையில் வந்து சொன்னவன். நாங்கள் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு அவன் வாழையிலை வியாபாரத்துக்குப் போனான். தோட்டம் தோட்டமாகப் போய் இலை வெட்டி, சைக்கிள் கரியரில் கட்டி, காலை ஒன்பது மணிக்கு எங்கள் கடைக்குக் கொண்டுவருவான்.

மத்தியானம் அந்தக் கடையில் சாப்பிடுகிற அத்தனை பேரும், சந்தை வியாபாரியும் சரி, கோயில் தர்மகர்த்தாவும் சரி, மாணிக்கம் வெட்டி, மாணிக்கம் துடைத்து, மாணிக்கம் அடுக்கிய இலையில்தான் சோறு தின்றார்கள். அவன் கை பட்ட இலையில் சோறு தின்னலாம். அவன் வாய் பட்ட கிளாஸ் மட்டும் தொடக் கூடாது. இதை எந்த விசரன் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

இலைக் கட்டை இறக்கிவிட்டு மாணிக்கம் வாங்கில் இருப்பான். முதலாளி கல்லாவில் இருந்து குரல் கொடுப்பார்:

"பின்னுக்கு ஒரு தேத்தண்ணி!"

நான் பொட்டுக் கிளாஸை எடுத்துக் கழுவி, சாயம் விட்டு, நுரை வர ஆற்றி, என் கையாலேயே அவனிடம் கொடுப்பேன். அவனுக்கு என்று கொஞ்சம் கூடுதலாகப் பால் விடுவேன். சீ, அதை ஒரு புண்ணியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்து ஒரு மாதம் இருக்கும். ஒருநாள் மாணிக்கம் வெறும் கிளாஸைக் கொண்டுவந்து பொயிலர்ப் பலகையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"துரை, உது எல்லாரும் குடிக்கிற கிளாஸ்தானே?"

"ஓம். பின்னை என்ன?" என்றேன்.

"இல்லை, சும்மா கேட்டனான்" என்றான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பத்து வருடம் இலை வந்தது, தேத்தண்ணி போனது. சீனி வராத காலத்தில் பனங்கட்டித் துண்டு கொடுத்தோம், அவனும் கடித்துக் குடித்தான். என் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு இலை முழுவதும் அவன்தான் கொண்டுவந்தான். நானும் அவனைச் சிநேகிதன் என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன்.

3. ஆட்டுடன் வந்த மனுசர்

1995 ஐப்பசி. ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பி எங்கள் தென்மராட்சிக்கு வந்தது. மழை. கொடிகாமம் றோட்டில் கால் வைக்க இடமில்லை. நேற்று வரையும் கல்வீட்டில் இருந்தவரும், குடிசையில் இருந்தவரும் ஒரே சேற்றைப் பூசிக்கொண்டு ஒரே றோட்டால் வந்தார்கள். எங்கள் கடையில் பொயிலர் ஆறவே இல்லை.

முதலாளிக்கு அப்போதுதான் பெரிய அந்தரம் வந்தது. குண்டு விழுந்ததாலோ, சனம் பட்டினி கிடந்ததாலோ இல்லை. வருகிறவன் ஆர் என்று தெரியவில்லை, எந்தக் கிளாஸ் கொடுப்பது என்று தெரியவில்லை. அதுதான் அவருக்கு அந்தரம். வாசலிலேயே நின்று விசாரணை நடத்தினார். எந்த ஊர், ஊரில் எவ்விடம், எந்தக் கோயிலடி. ஒரு சொட்டுத் தேத்தண்ணிக்கு இவ்வளவு கேள்வி. கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு பத்தி எரிந்தது. ஆனாலும் அவர் சொன்ன கிளாஸைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அப்படி ஒருநாள் காலை ஒரு மனுசர் வந்தார். வெறும் மேல், முழங்கால் வரை சேறு, தோளில் ஒரு ஆட்டுக்குட்டி.

"எந்தப் பக்கம்?" என்றார் முதலாளி.

"வலிகாமம்."

"வலிகாமத்திலை எவ்விடம்? எந்தக் கோயிலடி?"

"இப்ப கோயிலும் இல்லை, வீடும் இல்லை. முதல்லை ஒரு தேத்தண்ணி தா."

முதலாளி ஆட்டைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், முடிவு எடுத்தார். "பின்னுக்கு ஒரு தேத்தண்ணி!"

கொடுத்தேன். அந்த நேரம் மாணிக்கம் இலைக் கட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். மனுசர் மடமடவென்று குடித்தார். கடைசி மிடறுக்குக் கிளாஸைச் சரித்தவர் அப்படியே நின்றார். பிறகு கிளாஸை நிலத்தில் ஓங்கி அடித்தார்.

"டேய்! உந்தப் பொட்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? எங்கடை ஊர்க் கடையிலையும் உது கிடக்கு. உதிலை ஆர் குடிக்கிறவை எண்டும் தெரியும். உன்ரை மகளை எங்கடை அண்ணையின்ரை பெடியனுக்குக் கேட்டுத் தரகர் நடக்கிறான். சொந்தமாகப் போற கடையெண்டு தேடி வந்தால், எனக்கே உந்தக் கிளாஸோ?"

முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார். தோளில் கிடந்த துவாயால் அந்த மனுசரின் காலில் கிடந்த சேற்றைத் துடைக்கக் குனிந்தார்.

"ஐயோ, குறை நினைக்கக் கூடாது. இந்தக் கோலத்திலை ஆளை மட்டுக்கட்டேல்லை. உங்களுக்கு உது தரக் கூடாத கிளாஸ். பிழை நடந்து போச்சு. துரை, முன்னுக்கு ஒரு தேத்தண்ணி! வடையும் எடு!"

அவர் மன்னிப்புக் கேட்டது ஆளைப் பிழையாகப் பிடித்ததற்கு. பொட்டுக்கு இல்லை. அந்த மனுசரும் கத்தியது பொட்டுக்கு இல்லை, பொட்டுத் தன்னிடம் வந்ததற்கு. ஊர், வீடு, தோட்டம் எல்லாம் பறிபோய் ஒரு ஆட்டுக்குட்டியோடு வந்த மனுசர், இதை மட்டும் கவனமாகக் காவிக்கொண்டு வந்திருக்கிறார்.

மாணிக்கம் தான் இறக்கிய இலைக் கட்டைத் திரும்பத் தூக்கினான். கரியரில் வைத்துக் கட்டினான். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"முதலாளி, அவரிட்டை மன்னிப்புக் கேட்டியள். மாணிக்கத்திட்டை ஆர் கேக்கிறது?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"உனக்கென்ன விசரே? அவன் பழகின ஆள். போ, போய் இலைக்கு வழி பார்."

பழகின ஆளாம்! மிச்சம் நான்கு கிளாஸையும் எடுத்துக் கிணற்றடிக் கல்லில் அடித்தேன். "நாசமாய்ப் போக உன்ரை கடையும் நீயும்" என்று சொல்லி வடிதுணியைக் கல்லாவில் எறிந்துவிட்டு இறங்கினேன். சனம் பார்த்தது. பெரிய வீரன் என்று நினைத்திருப்பார்கள். பத்து வருடம் பிந்திய வீரம்.

4. மாணிக்கம் வீட்டில்

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். அந்தச் சின்ன வளவுக்குள் இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பம் இருந்தது. கடைக்கு வந்த இலை முழுவதும் அங்கே விரித்திருந்தது. ஒரு பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதித்தது. மாணிக்கம் ஆரையும் எந்த ஊர் என்று கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

"இரு" என்றான். மனைவியிடம் தேத்தண்ணி கேட்டான். அவ கொண்டுவந்து தந்தா. வெறும் சாயம்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் முழுவதையும் குடித்தேன். கடைசி மிடறு குடித்ததும் என் கண் தன்பாட்டில் கிளாஸின் அடிக்குப் போனது. ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடி.

மாணிக்கம் அதைக் கண்டுவிட்டான்.

"குடிச்சு முடியத் தெரியும், என்ன?" என்றான். "சாயம் இருக்குமட்டும் தெரியாது. முடியத்தான் பளிச்செண்டு தெரியும். நீயும் முதலாளியும் உதிலை ஒருநாளும் குடிக்கேல்லை. அதுதான் உங்களுக்கு விளங்கேல்லை."

"அப்ப உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் கிளாஸிலையே."

"பிறகேன் என்னட்டை வந்து கேட்டனீ, எல்லாரும் குடிக்கிற கிளாஸோ எண்டு?"

"கிளாஸைப் பற்றி அறியக் கேக்கேல்லை, துரை. நீ என்ன சொல்லுவாய் எண்டு அறியத்தான் கேட்டனான்."

அவன் எழும்பிப் போய்க் கஞ்சியைத் துழாவினான். நான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். போகாதே என்று அவன் சொல்லவில்லை. வா என்றும் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது கடை நடத்துகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் என் தொழில் அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். நல்ல சாயம் எடுப்பது எப்படி, பால் திரையாமல் பார்ப்பது எப்படி என்று எழுதலாம்தான். அது ஒரு கிழமையில் பிடிபடும். நான் முப்பது வருடமாகியும் மறக்காமல் வைத்திருப்பது ஒன்றுதான். பொட்டை வைத்தது முதலாளி. "ஓம்" என்று சொன்னது நான்.