எஞ்சின் காது

1. முதல் நாள்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் காது பரிசோதனை மையத்தில் ஆடியோலஜிஸ்டாகச் சேர்ந்த அன்று, முதல் ஆளாக கீரமங்கலத்திலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும் என்று விளக்கினேன். அவர் என் வாயையே பார்த்தார். மறுபடி விளக்கினேன்.

“ஏம்மா, எங்கிட்ட சொல்றியா, இல்ல ஒனக்குள்ளயே ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கியா?” என்றார்.

அறைக்கு வெளியே எங்கள் சீனியர் சிரித்தது எனக்குக் கேட்டது. சாயங்காலம் அவர் கூப்பிட்டுச் சொன்னார்: படிப்பு சரி, வேலை சுத்தம், குரல் மட்டும் இந்தத் தொழிலுக்கு ஆகாது. காது கேட்காதவர்களோடு வேலை பார்க்க வந்துவிட்டு முணுமுணுத்தால் எப்படி? கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டேன். எனக்கு ஏன் அப்படி ஒரு குரல் என்று மட்டும் யோசிக்கவில்லை. வினிதா வந்த பிறகுதான் யோசித்தேன்.

2. நார்மல் என்றதும் அழுதவர்

வினிதா இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் மீமிசல், இருப்பது ஹாஸ்டல். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த நர்ஸ் அதட்டுகிறார், திட்டுகிறார் என்று நோயாளிகள் சொல்லிக்கொண்டே இருந்ததால், நர்சிங் சூப்பரின்டெண்ட் அவரைக் கூப்பிட்டு, காதில் கோளாறு இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார். காது நன்றாக இருந்தால் குணத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும், அப்படிப்பட்டவரை நிரந்தரமாக்க முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

வினிதா உள்ளே வந்தபோது நான் கம்ப்யூட்டரில் எதையோ பதிந்துகொண்டிருந்தேன். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை நகர்த்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கழற்றினார். அதற்கப்புறம் பேசினார். வராந்தாவில் காத்திருந்தவர்கள், உள்ளே ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள்.

வெளிச் சத்தம் புகாத பூத்துக்குள் உட்கார வைத்து ஆடியோமெட்ரி டெஸ்ட் எடுத்தேன். இரண்டு காதும் நார்மல். அதைச் சொன்னதும் அழுதுவிட்டார்.

“காது கெட்டுப்போயிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம். வியாதின்னு சொல்லியிருப்பேன். இப்ப திமிருன்னுல்ல ஆயிப்போச்சு.”

காது கேளாதவர்களின் குடும்பத்தாருக்கு நாங்கள் கவுன்சலிங்கில் சொல்லித்தருவது இவை: அவர் பார்க்கும்வரை பேசாதீர்கள், வெளிச்சத்தில் இருங்கள், வாயை மறைக்காதீர்கள். எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள். யாரும் சொல்லித்தராத இந்தப் பெண் அத்தனையும் செய்கிறார். ஆனால் வீட்டில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். கேள்வியை மாற்றி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். படகு எஞ்சின் மெக்கானிக் என்றார்.

“அப்பாவுக்கு நல்லாக் கேக்குமா?”

“அப்பாவுக்கு எஞ்சின் காதுங்க மேடம். அங்கிட்டு மெக்கானிக் எல்லாருக்குமே அப்படித்தான். அது காது கேக்காததுல சேராதே?”

தச்சர் கையில் காய்ப்பு இருந்தால் அதை யாரும் வியாதி என்பதில்லை. அவர்கள் தெருவில் எஞ்சின் காதும் அப்படித்தான். காலையிலிருந்து இருட்டும்வரை டீசல் எஞ்சினைப் பக்கத்தில் ஓடவிட்டு வேலை செய்கிறவருக்கு அது வரும், வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். வினிதாவின் அம்மாவுக்கு மெல்லிய குரல். கணவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். அப்பாவிடம் என்ன சொல்வதென்றாலும் மகளிடம் சொல்வார், மகள் உரக்கச் சொல்லுவாள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பிருந்தே இப்படித்தான்.

“எங்க வீட்டுக்கு நாந்தான் மேடம் மைக்செட்டு” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று திருக்கோகர்ணத்தில் என் வீட்டு கேட்டைத் திறந்தபோது, கொண்டியில் விரலை வைத்துச் சத்தம் வராமல் தூக்குவதை நானே பார்த்தேன். என் அப்பா இரவு பஸ் ஓட்டியவர். பகல் முழுக்கத் தூங்குவார். அவர் தூக்கம் கெட்டால் பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் ஆபத்து என்பது அம்மாவின் கணக்கு. பாத்திரத்தைத் துணிமேல் வைப்பார். நானும் தம்பியும் சண்டை போட்டதுகூடக் கிசுகிசுப்பாகத்தான். அப்பா ரிட்டயர் ஆகி, இப்போது ஊரோடு சேர்ந்து இரவில் தூங்குகிறார். அம்மா இன்னும் பாத்திரத்தைத் துணிமேல்தான் வைக்கிறார்.

3. திங்கட்கிழமைக் குரல்

வினிதாவுக்கு ரிப்போர்ட் எழுதினேன். கேட்கும் திறன் நார்மல், உரத்த குரல் வீட்டுச் சூழலில் வந்த பழக்கம், பயிற்சியால் மாற்றலாம். சூப்பரின்டெண்ட் அதைப் படித்துவிட்டு, கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றாராம்.

சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றை வினிதாவின் போனில் ஏற்றி, முள் எந்த இடத்தைத் தாண்டக்கூடாது என்று காட்டி, பேசிப் பழகச் சொன்னேன். சிரத்தையாகச் செய்தார். வார நாட்களில் குரல் நன்றாக இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை மீமிசல் போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை பழைய இடத்துக்கே ஏறிவிடும். பல வாரம் இதையே பார்த்த பிறகு, சிகிச்சை தேவைப்படுகிற ஆள் வேறு என்று முடிவு செய்து, அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேன். எனக்கென்ன குறை என்று மறுத்துவிட்டாராம்.

அப்புறம் அவராகவே ஒருநாள் வந்தார். டெஸ்டுக்கு அல்ல, நியாயம் கேட்க. பெயர் கருப்பையா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். பின்னால் மனைவியும் வினிதாவும்.

“எம்மகள கத்துறான்னு யாரும்மா சொன்னது? அவ எம்புட்டு மெதுவாப் பேசுவா தெரியுமா? அந்தப் பேச்சே எனக்குக் கேக்குது. அப்ப எங்காதுக்கு என்ன?”

வினிதா தரையைப் பார்த்தார். கருப்பையா பொய் சொல்லவில்லை. மகளின் கத்தல் அவர் காதுக்குப் போய்ச் சேரும்போது மென்மையான பேச்சாகத்தான் சேர்ந்திருக்கும். இத்தனை வருடமும் அடக்கமாகப் பேசுகிற ஒரு பெண்ணைத்தான் அவர் வளர்த்திருக்கிறார்.

வாதம் செய்யாமல் பூத்துக்குள் உட்கார வைத்தேன். டெஸ்ட் வரைபடமான ஆடியோகிராமில் கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து, கீச்சென்ற உயர்ந்த ஸ்தாயி ஒலிகள் இருக்கும் பக்கத்தில் செங்குத்தாக விழுந்தது. அதைக் காட்டி, நிதானமாக, உரக்கச் சொன்னேன்: உங்களுக்கு அவங்க பேச்சு மெதுவாக் கேக்கணும்னா, அவங்க கத்தணும். வீட்டில் கத்திவிட்டு வார்டில் வந்து நிறுத்திக்கொள்ள அது சுவிட்ச் இல்லை.

கருப்பையா மகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“காது மெசினு மாட்டுனா எம்புள்ள வேலை நிக்குமா?”

“அத நான் சொல்ல முடியாதுங்கய்யா. ஆனா ஒங்ககிட்ட அவங்க கத்த வேண்டியிருக்காது.”

“அப்ப மாட்டுங்க.”

4. மாட்டிய நாள்

மெஷினை ஆன் செய்ததும் கருப்பையா முதலில் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். இது இப்படியா சத்தம் போடும் என்று கேட்டார். வினிதா அவர் முன்னால் வந்து நின்று, வெளிச்சம் பார்த்து, “அப்பா, கேக்குதாப்பா?” என்றார்.

அவர் தோள் துள்ளியது. கை காதுக்குப் போனது.

“ஆத்தா... மெதுவாத்தா.”

சொன்னவர் அப்படியே நிறுத்திவிட்டார். இன்னும் மெதுவாகத் தன்னிடமே கேட்பதுபோல், “இம்புட்டு நாளும் இப்படியா கத்திக்கிட்டிருந்த?” என்றார்.

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா, வழக்கம்போல மகள் பக்கம் சாய்ந்து, “சாப்புட்டுட்டு பஸ் ஏறுவோமான்னு ஒங்கப்பாவக் கேளு” என்றார். எனக்கே பாதிதான் கேட்டது.

வினிதா அப்பா பக்கம் திரும்பி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

“சாப்புட்டே போவோம். ஒனக்கும் பசிக்கும்ல” என்றார் கருப்பையா, மனைவியைப் பார்த்து.

திறந்த வாயை மூட வினிதாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

வினிதாவுக்கு வேலை நிரந்தரமானது. குரல் முழுக்க இறங்கிவிடவில்லை. காது மந்தமான பெரியவர்கள் வார்டுக்கு வந்தால், அவர்களிடம் பேச சூப்பரின்டெண்டே அவரைத்தான் அனுப்புகிறாராம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்று இருக்கிறது. கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது, வீட்டில் யாருக்காவது காது கேட்காதா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இல்லை என்பார்கள், நம்பித்தான் சொல்வார்கள். வீட்டில் யாரிடம் பேசும்போது குரலை உயர்த்துவீர்கள் என்று கேட்கிறேன். யோசிக்காமல் ஒருவரைச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை வரும்போது அவரையும் கூட்டிவரச் சொல்கிறேன்.