வாயை ஊதச் சொன்ன சூளை

ஃபர்னஸ் ஆயில் எரிகிற வாடை. எந்த ஊரில் அது மூக்கில் பட்டாலும் என் கால்கள் சேலத்து வெள்ளைக்கல் குன்றின் அடிவாரத்துக்குப் போய்விடுகின்றன. ஒரு சூளையின் முன்னால் போய் நிற்கின்றன. வாடை இருப்பது நல்லது. வாடையே இல்லாத ஒன்றை நான் அங்கேதான் பிடித்தேன்.

அறுபதுகளின் கடைசி. வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, சுட்டு உலைச்செங்கல்லுக்குப் பொடியாக்கும் ஆலையில், சோதனைக்கூடத்து வேலை எனக்கு. காலையில் வெள்ளைப் புடவை, சாயங்காலம் சாம்பல் புடவை.

சூளைக்குள் காற்று குறைந்தால் எண்ணெய் முழுசாக எரியாது, கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, மணமில்லை. உச்சியில் கல் கொட்டுகிறவர்களுக்குத் தலை சுற்றும், குமட்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பித்தம். எலுமிச்சம்பழத்தைக் கடித்துத் துப்பிவிட்டு மறுபடி ஏறுவார்கள்.

எனக்கு அந்தப் பெயர் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்தேன்: சிர்கோனியா என்ற பீங்கான் பொடியோடு கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துச் சுட்ட குழாய், நன்றாகக் கனன்றதும், ஆக்சிஜனை மட்டும் தன் உடம்பு வழியே நடக்க விடும். திட மின்பகுளி என்று அதற்குப் பெயர். உள்ளே நல்ல காற்று, வெளியே சூளைப்புகை. புகையில் ஆக்சிஜன் வற்றிப்போனால், குழாயோடு கம்பியால் இணைத்த வோல்ட் மீட்டரில் முள் தாவும். முள் தாவினால் விஷம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

செய்து பார்த்தேன். பழைய சூளை வெப்பமானியிலிருந்து, மீட்டரோடு இணைக்க, பிளாட்டினக் கம்பி உருவினேன். குழாயை எங்கள் சூளையிலேயே சுட்டேன். தன்னை உளவு பார்க்கப்போகிற பிள்ளையைச் சூளை தானே பெற்றது. எத்தனையோ விரிசல் விட்டன. ஒன்று நின்றது.

அந்த வாரம்தான் மேச்சேரிக்காரர் ஒருவர் சூளை உச்சியில் சுருண்டு விழுந்தார். மதுவிலக்குக் காலம். மேனேஜர் அவரை வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை மணந்தது.

"சாராய வாடையை மறைக்கத்தான்யா பழம்! நாளையிலேர்ந்து வராதே."

"இல்லீங்க, பித்தமுங்க சாமி."

"எல்லாக் குடிகாரனுக்கும் பித்தம்தான்."

மருந்தே சாட்சியாகி அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அவர் வாயை முகர்ந்தீங்க. சூளை வாயையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துடலாம்" என்றேன்.

மறுநாள் உச்சியில் இருந்தவர்களை இறக்கினோம். கணக்குத் தீர்க்க வந்த மேச்சேரிக்காரரும் கீழே நின்றார். சூளையின் பக்கத்துவாரத்தில் குழாயைச் செருகினேன். புகைபோக்கிக்குப் போகும் வழியிலிருந்த புகைக்கதவு திறந்திருந்தது, முள் அசையவில்லை.

"நீங்க விழுந்தப்போ கதவு எப்படி இருந்துச்சுண்ணா?"

"பாதி மூடிக் கெடந்துச்சுங்க அம்முணி. எண்ணெய் மிச்சம் புடிக்கோணும்னு சார்தானுங்க மூடச் சொன்னாரு."

பாதி மூடினோம். முள் சும்மா இருந்தது. கம்பி முனைகளை இறுக்கிப் பார்த்தேன். இன்னும் சும்மா. பிறகு, கன்று துள்ளுமே, அப்படி ஒரு துள்ளல்! மீட்டரின் அந்தக் கோடிக்கே போய்விட்டது.

மேனேஜர் மீட்டரைத் தட்டினார். "கோளாறா இருக்கும்."

கதவைத் திறந்தேன், முள் விழுந்தது. மூடினேன், துள்ளியது. எனக்குப் பின்னாலிருந்து மேச்சேரிக் குரல், மெதுவாக: "சூளையும் குடிச்சிருக்குமுங்க. வாயை ஊதச் சொல்லிப் பாருங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. தானே ஒரு தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வேலைக்கு வரட்டும். இனிமே அந்த முள்ளைக் கேக்காம யாரும் கதவைத் தொடக்கூடாது" என்றார்.

இன்றைக்கும் கர்வம்தான் எனக்கு. ஏன் இருக்கக்கூடாது? காற்றுக்குள் ஒளிந்திருந்ததை ஒரு சாண் குழாயால் காதைப் பிடித்து இழுத்து வந்தவள் நான்.

சாயங்காலம் மேச்சேரிக்காரர் கேட் அருகே காத்திருந்தார்.

"மேனேஜர் நம்பிட்டாருங்க, செரி. என்ற ஊட்டுக்காரி நம்போணுமே? நாங் குடிச்சுப்போட்டேன்னு நேத்திலிருந்து அடுப்பே பத்த வெக்கலீங்க. அந்தக் குழாயைக் குடுங்க, காட்டிப்போட்டுக் கொண்டாந்தர்றேன்."

விரிசல் விட்ட ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். குழந்தையை வாங்குகிறவர்போல இரு கையிலும் வாங்கிக்கொண்டார்.

"இது பேசாதுண்ணா. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

"சொல்லிப்போடறனுங்க. அப்ப வாரேன் அம்முணி. இன்னைக்காச்சும் சோறு போடுவாளுங்க."